மெழுகும் மொழியும்: செயற்கைப் பல்லின் வரலாறு

‘பல்லுப் போனால் சொல்லுப் போச்சு’ என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பல் போனால் உணவின் சுவை போகும். முகத்தின் பொலிவு போகும். இவை யாவரும் அறிந்தவை. ஆயினும் நம் முன்னோர் இவ்விரண்டையும் விடுத்து, சொல் போகும் என்பதையே எடுத்துக் கூறினர். முதுமையில் மனிதனுக்கு எஞ்சி நிற்கும் செல்வம் அவனது பேச்சே அன்றோ? பேரனுக்குக் கதை சொல்லவும், ஊராரோடு வழக்காடவும், இறைவனைப் பாடவும் சொல் வேண்டும். அச்சொல்லைக் காத்து நிற்பது பல் என்பதை அவர்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர்.

இழந்த பல்லுக்கு ஈடு தேடி மனிதன் செய்த முயற்சிகளின் வரலாறு மிக நீண்டது. அவ்வரலாற்றில் அரசர்களும் மருத்துவர்களும் பெயர் பெற்றிருக்கின்றனர். பல்செட்டைத் தம் கையால் உருவாக்கும் கைவினைஞரோ பெரும்பாலும் பெயரின்றியே மறைந்தனர். பல்லை ஊன்றுவதோடு அவருடைய வேலை முடிந்துவிடுவதில்லை. பல் நிற்கும் ஈற்றையும், அதன் பின்னுள்ள அண்ணத்தையும் மெழுகில் வடித்தெடுப்பதே அவருடைய அரிய வேலை. அம்மெழுகு இறுதியில் கொதிநீரில் உருகி ஓடிவிடும். ஆயினும் அணிபவரின் முகமும் பேச்சும் எவ்வாறு அமையும் என்பது அந்த மெழுகிலேயே முடிவாகிவிடுகிறது. இவ்வுண்மையை, இரு மொழிகள் சந்திக்கும் ஓர் எல்லைப் பகுதியை மனத்திற் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என ஊர்கள் வரிசையாக வருகின்றன. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபொழுது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை இராச்சியத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்ததே அன்றி வீடுகளில் விழவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குச் செல்வதும், நோய்க்கு மருந்து தேடுவதும் இன்றும் கோட்டின் இருபுறமும் நடைபெறுகின்றன. தமிழ் கலந்த மலையாளமும் மலையாளம் கலந்த தமிழும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசப்படுகின்றன.

இப்பகுதி கைவினைக்குப் பெயர் பெற்றது. பாலராமபுரத்தின் கைத்தறி ஆடைகளை அறியாதார் இலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலராம வர்மா மன்னர் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் தென்தமிழ் நாட்டிலிருந்து வந்து குடியேறிய நெசவாளர்களே அத்தொழிலை அங்கு நிலைபெறச் செய்தனர். இன்னும் வடக்கே ஆறன்முளையில் உலோகக் கண்ணாடி வார்க்கும் குடும்பத்தினரும், தம் முன்னோர் சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வந்தவர் என்றே தம் மரபைக் கூறுகின்றனர். பிழைப்பை நாடி வேற்றுநாடு சென்ற தமிழர், சென்ற இடத்துக்குத் தம் கைத்திறனையும் கொண்டுசென்றனர் என்பதற்கு இவை சான்றுகள். வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இச்செய்தி சிறப்பாகப் பொருந்தும்.

திருவனந்தபுரத்துத் தந்தச் சிற்பிகளின் புகழும் குறிப்பிடத்தக்கது. அவர்கள் செதுக்கிய தந்த அரியணை ஒன்றைத் திருவிதாங்கூர் மன்னர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா விக்டோரியா அரசியாருக்குப் பரிசாக அனுப்பினார். 1851 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் அது வைக்கப்பெற்றது. நாம் ஆராயப் புகுந்த பொருளுக்கும் தந்தத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அரியணைக்கு உதவிய தந்தம், அதற்கு முன்னர் நெடுங்காலம் மனிதரின் வாய்க்கும் உதவியிருக்கிறது.

பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர் என்னும் மக்கள், கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பொன் தகட்டால் பல்லோடு பல்லைப் பிணைத்துச் செயற்கைப் பல் கட்டினர். ஆனால் பல் முழுவதும் இழந்தவருக்கு அம்முறை பயன்படாது. கட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு பல்லாவது வேண்டுமே! முழுப் பல்செட்டைத் திறம்படச் செய்த பெருமை ஜப்பானியரைச் சாரும். 1538 இல் காலமான நக்கவோக்கா தேய் என்னும் பௌத்தத் துறவியின் மரப் பல்செட்டு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. வாயின் அச்சைத் தேன்மெழுகில் எடுத்து, அதற்கு இசையக் கடினமான மரத்தைச் செதுக்கி, அணிபவரின் ஈற்றில் திரும்பத் திரும்பப் பொருத்திப் பார்த்து முடிப்பது ஜப்பானியர் முறை. புத்தர் சிலைகளைச் செதுக்கிய சிற்பிகளே இவ்வேலையையும் செய்தனர் என்று கூறுவர். ஆகவே பல்செட்டின் வரலாறு அதன் தொடக்கத்திலேயே மெழுகையும் சிற்பக் கலையையும் ஒருங்கே கொண்டிருந்தது.

ஐரோப்பாவில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே நீர்யானையின் தந்தத்தைக் குடைந்து, அதில் மனிதப் பற்களைப் பதித்து அணிந்தனர். 1815 இல் வாட்டர்லூ போர்க்களத்தில் மாண்ட வீரர்களின் பற்கள் பிடுங்கப்பட்டு விற்பனையாயின என்பது வரலாற்றின் இருண்ட செய்திகளுள் ஒன்று. அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789 இல் பதவி ஏற்றபொழுது அவர் வாயில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு பல். அவர் அணிந்தது மரப்பல் என்று மக்கள் கூறுவது தவறு. ஜான் கிரீன்வுட் என்பார் நீர்யானைத் தந்தத்தில் செய்துகொடுத்த பல்செட்டே அது. அத்தகைய தந்தப் பற்கள் நாளடைவில் கறுத்து, நாற்றம் எடுத்தன. வாயோடு ஒட்டி நிற்கவும் இல்லை. அவற்றை அணிந்தோர் உண்ணும்போது கழற்றி வைத்துவிடுவதும் உண்டு.

வாயின் அச்சைச் செம்மையாக எடுக்கும் முறையை ஐரோப்பாவில் எழுத்தில் வடித்தவர் பிரஷ்ய மன்னர் பிரெடெரிக்கின் பல் மருத்துவரான பிலிப் பாஃப். 1756 இல் வெளியான தம் நூலில், மெழுகால் வாயின் அச்சை எடுத்து, அதில் பாரிஸ் சாந்தை வார்த்து மாதிரி செய்யும் முறையை அவர் விளக்கினார். இது சிறு செய்தி போலத் தோன்றும். ஆயின் இதன் விளைவு பெரிது. அதுவரை நோயாளியின் வாயிலேயே நடந்த வேலை, அன்று முதல் மேசைமேல் நடக்கலாயிற்று. நோயாளி ஓரிடத்திலும் கைவினைஞர் வேறோரிடத்திலும் இருக்கும் நிலை பிறந்தது. வசதி பெருகியது. ஆனால் கைவினைஞர் நோயாளியின் முகத்தைக் காணாமலும் குரலைக் கேளாமலும் வேலை செய்யும் வழக்கமும் அன்றே தொடங்கியது. இதன் குறையைப் பின்னர்க் காண்போம்.

தந்த அரியணை இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்ட அதே 1851 இல், அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துக் காய்ச்சிக் கடினமாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வல்கனைட் எனப்பட்ட இப்பொருள் விலை மலிந்தது. வாயின் மாதிரிக்கு இசையப் படிந்து இறுகும் இயல்புடையது. அக்காலத்திலேயே மயக்க மருந்துகளும் வழக்கிற்கு வந்தமையால், நோயுற்ற பற்களை வலியின்றிப் பிடுங்கிக்கொள்வோர் தொகை பெருகிற்று. பல்செட்டு செல்வர்க்கு மட்டும் உரியதாய் இருந்த காலம் மாறி, எளியவருக்கும் கிட்டலாயிற்று.

இவ்விடத்தில் மனித ஆசையின் கதை ஒன்றும் உண்டு. ஜான் கம்மிங்ஸ் என்பார் 1864 இல் வல்கனைட் பல்செட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையைக் கைக்கொண்ட குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி, பல் மருத்துவர் ஒவ்வொருவரிடமும் கட்டணம் கேட்டது. கொடாதவர்மேல் வழக்குத் தொடுத்தது. கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன் ஊர் ஊராகச் சென்று மருத்துவர்களைத் துரத்தினார். 1879 இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் சாமுவேல் சால்ஃபன்ட் என்னும் மருத்துவர் அவரைச் சுட்டுக் கொன்றார். இரண்டாண்டுகளில் காப்புரிமையும் காலாவதியாயிற்று. ஏழையின் வாய்ப் பல்லுக்கும் எத்தனை பெரிய வழக்கு நடந்திருக்கிறது!

ரப்பர் என்றவுடன் பாறசாலைப் பகுதியினருக்குத் தம் ஊர்த் தோட்டங்கள் நினைவுக்கு வரும். நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1902 இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் அமைந்தது. பின்னர்த் தென்திருவிதாங்கூரின் மலையடிவாரங்களிலும் இம்மரம் பரவியது. வெள்ளறடை முதலான ஊர்களில் விடியற்காலையில் பால்வெட்டச் செல்வோரை இன்றும் காணலாம். அவர்கள் நாள்தோறும் கையாளும் ரப்பரே ஒரு காலத்தில் உலகோரின் வாயில் ஈறாக அமர்ந்திருந்தது என்பது வியப்பூட்டும் செய்தி.

வல்கனைட்டின் வரவால் மெழுகுக்கு ஒரு புதிய பதவி கிடைத்தது. அதுவரை அச்செடுக்க மட்டும் பயன்பட்ட மெழுகு, இப்போது பல்செட்டு முழுவதுக்கும் முன்னுருவாயிற்று. முறை இதுதான்: சாந்து மாதிரியின்மேல் மெழுகை இட்டு, அதில் பற்களை ஊன்றி, ஈறும் அண்ணமும் எவ்வடிவில் வேண்டுமோ அவ்வடிவில் மெழுகைச் செதுக்கவேண்டும். பிறகு அதனை ஓர் உலோகப் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் சாந்தை ஊற்றி இறுகவிடவேண்டும். கொதிநீரில் இட்டால் மெழுகு உருகி ஓடும். பற்கள் சாந்தில் பதிந்து நிற்கும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் ரப்பரை அடைத்துக் காய்ச்சினால், மெழுகின் வடிவம் அப்படியே ரப்பரின் வடிவமாகிவிடும்.

இம்முறை தமிழருக்குப் புதிதன்று. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பிறந்த வழியும் இதுவே. சுவாமிமலைச் சிற்பிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெயையும் சேர்த்து உருவம் செய்கின்றனர். காவிரி வண்டலை அதன்மேல் பூசி உலர்த்துகின்றனர். சூடேற்றி மெழுகை வெளியேற்றிய பின் உருக்கிய உலோகத்தை வார்க்கின்றனர். நடராசர் திருமேனியில் நாம் காணும் விரல் நுனியின் நளினம், முதலில் மெழுகில் இருந்த நளினமே. மெழுகில் இல்லாத அழகு வெண்கலத்தில் வாராது. 1907 இல் வில்லியம் டாகர்ட் என்னும் அமெரிக்கர், மெழுகில் உருச்செய்து பொன் வார்க்கும் முறையைப் பல் மருத்துவத்திற் புகுத்தியபொழுது மேனாட்டார் அதனைப் பெரிதும் போற்றினர்.

வல்கனைட்டுக்கு ஒரு குறை இருந்தது. அதன் நிறம் கருஞ்சிவப்பு. உயிருள்ள ஈற்றின் இளஞ்சிவப்பு நிறம் அதற்கு வாய்க்கவில்லை. 1930களின் இறுதியில் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் பொருள் வந்தது. 1937 இல் வால்டர் ரைட் என்பார் அதன் பயனை ஆராய்ந்து வெளியிட்டார். பத்தாண்டுகளுக்குள் வல்கனைட் அநேகமாக மறைந்தது. அக்ரிலிக் ஒளி ஊடுருவும் தன்மையுடையது. வேண்டிய நிறம் ஊட்டலாம். ஈறு ஈறாகவே தோன்றும் வாய்ப்புப் பிறந்தவுடன், ஈற்றின் வடிவத்தைப் பற்றிய கவலையும் கூடவே பிறந்தது. நிறம் பொருந்தி வடிவம் பொருந்தாவிடின் பொய் எளிதில் வெளிப்பட்டுவிடும் அல்லவா?

உயிருள்ள ஈற்றை உற்று நோக்கினால் அதன் நுட்பம் புலப்படும். ஒவ்வொரு பல்லின் கழுத்தையும் ஈறு வில்போல் வளைந்து தழுவுகிறது. அந்த வளைவுகள் ஒரே மட்டத்தில் இல்லை. மேல்தாடையின் நடுப்பல்லில் வளைவு உயர்ந்தும், அதன் பக்கத்துப் பல்லில் சற்றுத் தாழ்ந்தும், கோரைப்பல்லில் மீண்டும் உயர்ந்தும் நிற்கும். இரு பற்களுக்கு இடையே ஈறு சிறு கூம்பாக எழுந்து சந்தை நிரப்பும். பல்லின் வேர் எலும்பினுள் நிற்கும் இடம் வெளியே மெல்லிய புடைப்பாகத் தெரியும். கோரைப்பல்லின் வேர் நீளமாதலின் அங்கே புடைப்பு மிகுதி. உடல்நலமுடையவரின் ஈற்றில் ஆரஞ்சுப் பழத்தோலைப் போன்ற நுண்புள்ளிகளும் காணப்படும். முதியவருக்கோ ஈறு சிறிது பின்வாங்கிப் பல்லின் கழுத்து வெளித்தோன்றும்.

தொழிலிற் புதிதாகப் புகுந்தவர் இவற்றை அறியாமல், பல்லைச் சுற்றி ஒரே சீராக மெழுகை வழித்துவிடுவார். அப்பல்செட்டை அணிந்த எழுபது வயதுப் பாட்டிக்குப் பதினாறு வயதுப் பெண்ணின் ஈறு வாய்க்கும். அல்லது யாருக்கும் உரியதல்லாத பொம்மை ஈறு வாய்க்கும். இதற்கு எதிர்க்கோடியிலும் பிழை உண்டு. அழகு செய்யும் ஆர்வத்தால் பற்களின் இடையே ஆழக் குடைந்துவிட்டால், அக்குழிகளில் சோறும் மீன்முள்ளும் தங்கி வாய் நாறும். இடைக்கூம்பு குழியாமல் சற்றுப் புடைத்தே இருக்கவேண்டும். அப்பொழுதுதான் நாவும் கன்னமும் அதைத் தாமே துடைத்துத் தூய்மை செய்யும்.

மெழுகின் வடிவம் அழகோடு நில்லாமல் பல்செட்டின் உறுதியையும் தீர்மானிக்கிறது என்பதை 1930களில் எடுத்துக்காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்ஃபிரட் ஃபிஷ். பல்செட்டுக்கு மூன்று பரப்புகள் உண்டு. தாடையைத் தொடுவது ஒன்று, கடிப்பது ஒன்று, கன்னத்தையும் உதட்டையும் நாவையும் தொடும் வழவழப்பான பரப்பு ஒன்று. முதலிரண்டை மட்டுமே கருதியவர்களுக்கு, மூன்றாவதும் அவற்றுக்கு இணையானதே என்று அவர் உணர்த்தினார். கன்னத்தின் தசை வந்து தழுவுமாறு மெழுகு வளைந்திருந்தால், பேசும்போதும் மெல்லும்போதும் தசையே பல்செட்டை அழுத்திப் பிடிக்கும். வளைவு பிழைத்தால் அதே தசை பல்செட்டை உதறித் தள்ளும்.

1950களில் அமெரிக்காவில் ஏர்ல் பவுண்ட், அழகும் உச்சரிப்பும் ஒன்றோடொன்று பின்னியவை என்று எழுதினார். ஃப்ரஷ், ஃபிஷர் என்னும் இருவர், வயது, பால், ஆளுமை ஆகிய மூன்றையும் கருதியே பல்லையும் ஈற்றையும் அமைக்கவேண்டும் என்னும் கொள்கையை 1955 முதல் பரப்பினர். அவர்களுக்கு ஊக்கம் தந்தவர் வில்ஹெல்ம் ஜெக் என்னும் சுவிட்சர்லாந்துச் சிற்பி என்பது கருதத்தக்கது. ஜப்பானில் சிற்பியின் கையில் தொடங்கிய தொழில், நூற்றாண்டுகள் கழித்து மீண்டும் சிற்பியிடமே பாடம் கேட்டது.

இனிச் சொல்லுக்கு வருவோம். பல்லுக்கும் மொழிக்கும் உள்ள உறவை நமக்கு எடுத்துரைப்பது தொல்காப்பியத்தின் பிறப்பியல். எழுத்துகள் பிறப்பதற்குத் துணைசெய்யும் எட்டு உறுப்புகளுள் பல்லையும் அண்ணத்தையும் அது எண்ணுகிறது. தகர நகரங்கள், நாவின் நுனி பரந்து பல்லின் அடியைப் பொருந்தப் பிறக்கின்றன என்று கூறும்போது, பல்முதல் என்னும் சொல்லை ஆசிரியர் ஆளுகிறார். பல்முதல் என்பது பல் ஈற்றோடு கூடும் இடமே. றகர னகரங்களுக்கு நாநுனி மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை ஒற்றவேண்டும். ரகர ழகரங்களுக்கு அண்ணத்தை வருடவேண்டும். வகரத்துக்கு மேற்பல்லும் இதழும் இயையவேண்டும். ஒற்றுதலுக்கும் வருடுதலுக்கும் உள்ள வேறுபாடு எத்தனை நுண்ணியது! அண்ணத்தில் ஓர் இழை மெழுகு மிகுந்தால் வருடவேண்டிய நா ஒற்றிவிடும்.

எல்லைப்புறத்தில் யாவரும் அறிந்த மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம்: குத்தி, குற்றி, குட்டி. குத்திய செயல் ஒன்று, மரக்கட்டை ஒன்று, சிறு கன்று ஒன்று. தமிழிலும் மலையாளத்திலும் இம்மூன்றும் வேறு வேறு சொற்களே. முதலதில் நா பல்லைத் தொடுகிறது. இரண்டாவதில் பல்லின் பின்னுள்ள ஈற்று மேட்டைத் தொடுகிறது. மூன்றாவதில் நா மடிந்து அண்ணத்தைத் தொடுகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் றகர இரட்டையின் பழைய ஒலி பேச்சு வழக்கில் தேய்ந்துவிட்டது. மலையாளத்தில் அது உயிரோடு நிற்கிறது. குமரி மாவட்ட வழக்கிலும் யாழ்ப்பாண வழக்கிலும் நிற்பதாக மொழியியலார் சுட்டுவர். நெய்யாற்றின்கரையில் வாழும் முதியவர் ஒருவர் நாள்தோறும் இம்மூன்று இடங்களிலும் நாவைத் துல்லியமாக வைத்தே பேசுகிறார்.

பல்செட்டு அணிந்தவருக்கு அம்மூன்று இடங்களும் கைவினைஞர் செய்துகொடுத்தவையே. பல் அவர் ஊன்றியது. ஈற்று மேடும் அண்ணமும் அவர் மெழுகில் வடித்தவை. அண்ணத்தின் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவில் நிற்பது வழக்கம். முன்பற்களின் பின்புறம் மெழுகு கனத்துவிட்டால், பல்லுக்கும் ஈற்று மேட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு நாவுக்குப் புலப்படாது. குத்தியும் குற்றியும் ஒன்றாகிவிடும். முன் அண்ணத்தில் இயற்கை அமைத்த மெல்லிய வரிமேடுகளை முற்றும் மழித்துவிட்டால், நா தன் இடத்தை அறியாது தடுமாறுவதும் உண்டு.

இங்கே ஒரு பெருங்குறையைக் குறிப்பிட வேண்டும். இத்தொழிலுக்குரிய பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கில மொழியினரால் எழுதப்பட்டவை. உச்சரிப்பைச் சோதிக்க அவை கூறும் ஒலிகள் ஆங்கிலத்தில் வரும் சகாரம், உதட்டில் பல் பதியும் ஒலிகள் முதலியன. ஆங்கில எண்களை உரக்க எண்ணச் சொல்லுமாறு அவை பணிக்கின்றன. அவை பயனற்றவை அல்ல. ஆனால் தகரம், றகரம், டகரம் ஆகிய மூன்று வல்லெழுத்துகளை மூன்று இடங்களில் வைத்து ஒலிக்கும் பழக்கம் ஆங்கிலத்துக்கு இல்லை. ழகரமும் அங்கு நம் முறையில் இல்லை. ஆகவே ஆங்கிலச் சோதனையில் தேறிய பல்செட்டு, தமிழிலும் மலையாளத்திலும் தவறலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என்போன்றோருக்கு இது வியப்பன்று. மூலத்தின் இலக்கணத்தைக் கொண்டு பெயர்ப்பின் நயத்தை அளக்க இயலாது என்பதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம்.

அங்ஙனமாயின் இத்தொழிலில் தேர்ச்சி பெறுவது எவ்வாறு? கண்ணும் காதும் இரண்டும் பழகவேண்டும். இளையோர், நடுவயதினர், முதியோர் ஆகியோரின் வாய் மாதிரிகளைச் சாந்தில் வார்த்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஈற்றின் வளைவை அவற்றோடு ஒப்பிட்டுச் செதுக்கிப் பழகுதல் முதற்படி. முதலில் பல்லின் கழுத்தைக் கத்தியால் தெளிவாக வெட்டி, பின் வேர்ப் புடைப்புகளை எழுப்பி, அவற்றிடையே பள்ளத்தை மென்மையாக இழைத்து, இறுதியில் தீச்சுடரை ஒருகணம் காட்டி மெருகேற்றுவது முறை. மெழுகின் தரமும் கருதத்தக்கது. பாரஃபினும் தேன்மெழுகும் கலந்த இம்மெழுகு மென்மை, நடுத்தரம், கடினம் என மூவகைப்படும். வெப்ப நாடுகளுக்குக் கடின வகையே ஏற்றது. சித்திரை, வைகாசி வெயிலில் முடித்த வேலையை மேசைமேல் நெடுநேரம் விட்டுவைத்தால் மெழுகு இளகிப் பற்கள் இடம்பெயரும். பிறகு கடி பொருந்தாது.

மெழுகு நிலையிலேயே பல்செட்டை நோயாளியின் வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு நாள் உண்டு. மருத்துவர் கூறும் குறிப்பின்படி மெழுகைச் சிறிது வழிப்பதும் சேர்ப்பதும் அப்போது சில நிமிட வேலை. அக்ரிலிக் ஆன பிறகு தேய்த்தலே வழி; சேர்ப்பது அரிது. ஆதலின் அந்த ஒரு நாளில் கைவினைஞரும் உடனிருந்து, நோயாளி தம் தாய்மொழியில் பேசுவதைக் காதாரக் கேட்டால், பாஃப் காலத்தில் விளைந்த பிரிவு ஓரளவு நீங்கும்.

நம் நாட்டில் இத்தொழில் நெறிப்பட்டது அண்மைக் காலத்திலேயே. 1920 இல் டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அக்காலத்தில் பட்டணங்களில் சீனப் பல் வைத்தியர்களும், பரம்பரையாகப் பல்கட்டுவோருமே பெரும்பான்மையோர். 1948 இல் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது. பல்செட்டையும் பல் சாதனங்களையும் செய்பவர், செப்பனிடுபவர் என்று டென்டல் மெக்கானிக்குக்கு இலக்கணம் வகுத்து, அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவும் அச்சட்டம் வழிசெய்தது. பெயரற்ற கைவினைஞருக்கு அரசு ஏட்டில் ஒரு வரி கிடைத்தது சிறிய காரியமன்று. 1953 இல் சென்னையிலும் 1959 இல் திருவனந்தபுரத்திலும் அரசுப் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது. இன்று நெய்யாற்றின்கரையை அடுத்த அறாலும்மூட்டிலும், எல்லைக்கு அப்பால் குலசேகரத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. 2023 இல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை இயற்றியது.

இப்போது கணிப்பொறியின் காலம். வாயின் உருவைக் கணிப்பொறியில் ஏற்றி, ஈற்றைத் திரையில் வரைந்து, எந்திரத்தால் பல்செட்டை வெட்டியெடுக்கும் முறையும், அடுக்கடுக்காக அச்சிடும் முறையும் பரவிவருகின்றன. மெழுகு மறையலாம், ஆனால் மெழுகு கற்பித்த பாடம் மறையலாகாது. கோரைப்பல்லின் மேல் புடைப்பு எவ்வளவு என்பதைத் திரையில் வரைபவரும் அறிந்திருக்கவேண்டும். குற்றி என்னும் சொல்லுக்கு நா எங்கே செல்லும் என்பதை எந்திரம் தானே அறியாது. அதற்குக் கற்பிக்க ஓர் ஆள் வேண்டும். அவ்வாள் அம்மொழியைப் பேசுபவராக இருந்தால் நலம். எல்லைப்புறத்து இளைஞர்கள் இரு மொழியும் அறிந்தவர்கள். இத்தொழிலில் அது அவர்களுக்கு ஒரு முதலீடு என்றே கூறலாம்.

தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. தங்கள் வீட்டு முதியவருக்குப் பல்செட்டு செய்விக்க நேர்ந்தால், மெழுகு வைத்துப் பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள். மருத்துவர் இந்தியில் எண்ணச் சொன்னாலும் ஆங்கிலத்தில் எண்ணச் சொன்னாலும் எண்ணட்டும். பிறகு மருத்துவரின் அனுமதி பெற்று, தமிழில் ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். குத்தி, குற்றி, குட்டி எனச் சொல்லச் சொல்லுங்கள். பழம், வாழை, மழை எனச் சொல்லச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் நா இடறுகிறது என்பதை மருத்துவரிடம் எடுத்துக் கூறுங்கள். புதிய பல்செட்டுக்கு நா பழகச் சில நாட்கள் ஆகும் என்பது உண்மையே. எனினும் பழக்கத்தால் தீரும் குறை வேறு. மெழுகில் திருத்தவேண்டிய குறை வேறு.

சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழ்வோர்க்கு மொழி ஒன்றே உடன்வந்த உறவு. பேரப்பிள்ளைகள் வேற்றுமொழிப் பள்ளியில் படிக்கும் வீட்டில், ழகரத்தைப் பிழையின்றிச் சொல்லும் வாய் பெரும்பாலும் பாட்டனார் வாய் ஒன்றுதான். அந்த வாயில் பல் போனாலும் சொல் போகாதபடி காப்பது, ஓர் ஓரத்தில் மெழுகுக் கத்தியோடு அமர்ந்திருக்கும் கைவினைஞரின் கடமை. அவருக்குத் தம் மொழியைக் கேட்கச் செய்வது நம் கடமை.